ஜானகி வரவழைச்ச ஏழு லாரி

எங்க வூட்டுக்காரம்மா ஜானகிக்கு நாப்பத்திமூணு வயசு. இந்த வயசுல அது இன்டர்ன்ஷிப் போச்சு. சிரிக்காதீங்க. நான் ஒரு வாட்டி சிரிச்சேன், ரெண்டு நாளு எனக்கு வெறும் ரசம்தான் ஊத்துச்சு.

என் பேரு துரைராஜ். மந்தைவெளி ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்றேன். மின்ன அடையாத்து ஓரத்துல குடியிருந்தோம். அங்கேருந்து கிளப்பி பெரும்பாக்கத்துல ஆறாவது மாடில குந்த வெச்சிட்டாங்க. தினம் காலைல ஜானகிய ஆட்டோல ஏத்திக்கினு மைலாப்பூர் வருவேன். அங்க ஒரு காலேஜுல, கம்ப்யூட்டர் லேபுல அது அட்டெண்டர். பதினாலு வருஷமா அறுபது கம்ப்யூட்டரைத் துடைச்சிக்கினு கீது. துடைக்கசொல்லவே பசங்க இன்னா பண்றாங்கன்னு பாத்துப் பாத்து அதுக்கும் ஆசை வந்துடுச்சு. பிளஸ் டூ பாஸ் பண்ண பொம்பளதான். அதே காலேஜுல சாயங்கால ஷிப்டுல பி.சி.ஏ. சேந்துச்சு. காலைல துடைக்கிற கம்ப்யூட்டர் மின்னாடியே சாயங்காலம் குந்திப் படிக்கும். மூணு வருஷம்! எனக்கெல்லாம் மூணு நிமிஷம் சிக்னல்ல நிக்கவே பொறுமை கிடையாது.

கடைசி வருஷத்துலதான் பேஜாரு வந்துச்சு. லீவுல முப்பது நாளு ஒரு கம்பெனில இன்டர்ன்ஷிப் போயி, சர்ட்டிபிகேட் வாங்கியாந்து ஜூன் அஞ்சாந்தேதிக்குள்ள கொடுத்தாத்தான் டிகிரி. இல்லாங்காட்டி இன்னொரு வருஷம். அதே ஜூன்ல லேப் அசிஸ்டெண்ட் அம்மா ரிட்டயர் ஆவறாங்க. அந்த எடத்துக்கு டிகிரி வேணும். ஒரு வருஷம் தள்ளிப் போச்சுன்னா வேற யாராச்சும் வந்து குந்திக்குவாங்க, ஜானகி மறுபடியும் துணியும் கையுமா நிக்கணும். அதான் விஷயம். அதுக்குத்தான் அத்தினி அலைச்சலு.

எங்க பொண்ணு நிஷாவும் காலேஜுதான், லேப் டெக்னாலஜி படிப்பு, ரெண்டாவது வருஷம். அது ரொம்ப ஈஸியா சொல்லுச்சு, "எதுக்கும்மா வெயில்ல அலையிற? போவாமயே சர்ட்டிபிகேட் கொடுக்கிற ஆளுங்க கீறாங்க. எங்க கிளாஸ்ல பாதிப் பேரு அங்கதான் வாங்கறாங்க. நானும் அடுத்த வருஷத்துக்கு குரூப்புல பேர் கொடுத்துட்டேன்."

ஜானகி மொறைச்ச மொறைப்புல பொண்ணு போனை எடுத்துக்கினு பால்கனிக்குப் போயிடுச்சு. "பதினாலு வருஷமா லேபுக்குள்ள கீறேன். உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியும். வெளிய கம்பெனில இன்னா நடக்குதுன்னு ஒரு வாட்டியாச்சும் பாக்க வேணாவா? போவாமயே போனேன்னு எழுதிக்க எனக்கு இன்னாடி தலையெழுத்து!"

சரின்னு கெளம்பினோம். தி. நகர், வடபழனி, பெருங்குடின்னு ஒம்போது கம்பெனி ஏறி எறங்குச்சு. எல்லா எடத்துலயும் ஒரே கேள்விதான். "பொண்ணு எங்கம்மா? வெளிய நிக்குதா?" ஜானகி, "எனக்குத்தாங்க"ன்னு சொன்ன ஒடனே அவங்க மூஞ்சி போற போக்கைப் பாக்கணுமே! ஒருத்தன் தண்ணி கொடுத்து அனுப்பிச்சான். ஒருத்தன், "ஹவுஸ் கீப்பிங் வேலை கீது, ஓகேவா?"ன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு அவன் கேட்டு மேலயே ஆட்டோவை ஏத்தியிருப்பேன். ஜானகிதான், "வண்டியை எட்றா சாமி"ன்னு என் முதுகுல ஒண்ணு வெச்சிச்சு.

பத்தாவது கம்பெனி அடையார்ல, ஒரு வூட்டு மாடில. தண்ணி லாரி புக் பண்ற ஆப்பு பண்ற கம்பெனி. அங்க ஸஹானான்னு ஒரு பொண்ணு, இருவத்தஞ்சு வயசு இருக்கும், மைலாப்பூர் மாட வீதிப் பொண்ணு. அதுதான் வேலைய பாத்துக்கிற லீடரு. போனை ஜானகி கைல கொடுத்து, "எங்க ஆப்பைப் பாத்து என்ன தோணறதுன்னு சொல்லுங்கோ"ன்னுச்சாம். ஜானகி ஒரு நிமிஷம் தடவிப் பாத்துட்டு, "எத்தினாவது மாடின்னு கேக்குதே, கீழ சம்புத் தொட்டில தண்ணி ஊத்துற லாரிக்காரன் மாடிக்கு எதுக்குங்க வரணும்?"னு கேட்டுச்சு. அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, "நாளைக்கே வந்துடுங்கோ"ன்னு சொல்லிடுச்சு.

வேலை இன்னா தெரியுமா? டெஸ்டிங். ஆப்புல எங்க தப்பு கீதுன்னு தோண்டித் தோண்டி கண்டுபிடிக்கணும். அடேங்கப்பா! எங்க வூட்டம்மாவுக்குன்னே செஞ்ச வேலை! இருவத்திரெண்டு வருஷமா என்னைய டெஸ்டிங் பண்ணிக்கினு கீற ஆளு. கழட்டிப் போட்ட சட்டைலேருந்து குடிச்சி வெச்ச கிலாஸ் வரைக்கும் தப்பு சொல்லும். இதைச் சொல்லித்தான் நான் சிரிச்சேன். அதான் அந்த ரசம்.

கம்பெனி ஃபாரத்துல ஒரு கூத்து. 'பேரண்ட் அல்லது கார்டியன் கையெழுத்து'ன்னு ஒரு கட்டம். ஜானகியோட அப்பா அம்மா போயி சேந்து எத்தினியோ வருஷம் ஆச்சு. நான் போடலாம்னு பேனாவை எடுத்தா, நிஷா பிடுங்கிக்கிச்சு. "நைனா, நான்தான் போடுவேன். எத்தினி வாட்டி எனக்கு இந்தம்மா போட்டுருக்கும்!" சொல்லிட்டு சும்மா போடல. நிஷா ஸ்கூல் டூர் போவசொல்ல ஜானகி அதுகிட்ட கேக்குமே, அதே கொரல்ல கேட்டுச்சு. "எந்த எடம்? எத்தினி மணிக்கு வுடுவாங்க? பொண்ணுங்க கீறாங்களா? சாப்பாடு கட்டிக்கினு போறியா?" ஜானகியும் கையைக் கட்டிக்கினு பதில் சொல்லுச்சு. நிஷா கையெழுத்தைப் போட்டு, உறவுங்கற எடத்துல 'மகள்'னு எழுதி, தன் போன் நம்பரையும் போட்டுச்சு. வயிறு வலிக்க சிரிச்சோம்.

மே மாசம் பூரா சாயங்காலம் வூட்டுக்கு வந்தா வாய் ஓயாது. ஒரு வேலையை நாலு பேரு எப்படிப் பிரிச்சிக்கிறாங்க, ஒருத்தர் செஞ்சதை இன்னொருத்தர் தப்புன்னு சொன்னா எப்படி சண்டை போடாம ஒத்துக்கிறாங்க, இதெல்லாம் புஸ்தகத்துல இல்லவே இல்லைய்யான்னு சொல்லிக்கினே இருக்கும். ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, கண்டுபிடிச்ச ஒவ்வொரு தப்பையும் எழுதும். எத்தினி மணி, எந்த போனு, சிக்னல் எத்தினி கோடு, எல்லாம் இருக்கும்.

பத்தொம்பதாவது நாளு மத்தியானம், சவாரி ஒண்ணை எறக்கிவுட்டுட்டு ஜானகி ஆபீஸ் தெரு வழியா வரேன். தெருவே அடைச்சிக்கினு கீது. ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, ஏழு தண்ணி லாரி வரிசையா நிக்குது! பின்னாடி காரு, பைக்கு, ஸ்கூல் வேனு, எல்லாம் ஆரன் அடிக்குது. வெயிலு மண்டையப் பொளக்குது. நான் சும்மா இருப்பேனா? எறங்கிப் போயி மொத லாரி டிரைவரைப் புடிச்சேன்.

"யோவ், அறிவு கீதா? ஒரு தெருவுக்கு ஏழு லாரியா?"

"நான் இன்னாபா பண்றது? புக் பண்ணாங்க, வந்தோம்."

"எவன்யா அந்தப் பைத்தியக்காரன், ஏழு லாரி புக் பண்ணவன்? அவனைக் காட்டு, நாலு வாங்கு வாங்கறேன்!"

டிரைவர் போனைப் பாத்துட்டு, "அவன் இல்லப்பா, அவங்க. ஜானகின்னு பேரு கீது"ன்னாரு.

மேல பாத்தேன். மாடி ஜன்னல்ல ஜானகி நிக்குது. என்னைப் பாத்துட்டு மொள்ள உள்ள போயிடுச்சு.

நடந்தது இதான். ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணத் தனி போனு, தனி ஆப்பு. அதுல புக் பண்ணா நெசமா லாரி வராது. ஜானகி இன்னா நெனச்சிச்சுன்னா, இந்தப் புது போன்ல எல்லாமே ஷோக்காத்தான் ஓடும், என்னைய மாதிரி ஒடைஞ்ச போனு வெச்சிருக்கிறவ இன்னா பண்ணுவான்னு. தன் போன்ல நெசமான ஆப்பை எறக்கி, சிக்னல் கம்மியா கீற மாடிப்படில நின்னு பட்டனை அழுத்திச்சு. வட்டம் சுத்துச்சு. ஒண்ணும் வரல. மறுபடியும் அழுத்திச்சு. இப்படி ஏழு வாட்டி. புக் ஆனா ஒடனே கேன்சல் பண்ணிக்கலாம், ஆவலன்னா லாரி வராதுன்னு நெனச்சிக்கிச்சு. வந்துடுச்சு.

கம்பெனி ஓனரு வெங்கடரமணன் சாரு கீழ எறங்கி வந்து லாரிக்காரங்ககிட்டயும் தெருக்காரங்ககிட்டயும் மன்னிப்பு கேட்டுக் கேட்டு நொந்துட்டாரு. அக்கம்பக்கத்து வூட்டு சம்பெல்லாம் ரொப்பித்தான் லாரிங்க கெளம்புச்சு. அந்தத் தெருவுக்கு அன்னிக்கு நல்ல யோகம். எங்களுக்குத்தான் இல்ல. "நாளைலேருந்து வர வேணாம்மா. இன்டர்ன்ஷிப்பை இத்தோட முடிச்சிக்கலாம்"னு சொல்லிட்டாரு.

அன்னிக்கு ஜானகிய ஆட்டோல ஏத்திக்கினு பெரும்பாக்கம் திரும்பினேன். நான் ஆரனே அடிக்காம ஓட்டினேன். கண்ணாடில பாத்தா, நோட்டை மடில வெச்சிக்கினு ரோட்டைப் பாத்துக்கினு வருது. மூணு வருஷம் படிச்சது, பதினொரு நாளு பாக்கில நிக்குது. சத்தியமாச் சொல்றேன், அப்ப அந்த ஓனரை விட எனக்கு என் மேலதான் கோவம், தெருவுல நின்னு பைத்தியக்காரன்னு கத்தினேனே.

மறுநாள் காலைல நிஷா போனு அடிச்சிச்சு. கம்பெனிலேருந்து. ஃபாரத்தை முடிச்சி ஃபைல்ல வெக்கணும், கார்டியன் வந்து ஒரு கையெழுத்துப் போடணுமாம். நிஷா அசரவே இல்ல. தலையை வாரிக்கினு, துப்பட்டாவைக் குத்திக்கினு, "கெளம்புங்க ரெண்டு பேரும்"னுச்சு. "அம்மா, அந்த நோட்டை எடுத்துக்கோ."

ஓனர் ரூமுல ஸஹானாவும் இருந்துச்சு. சாரு எங்களைப் பாத்துட்டு, "இதுல கார்டியன் யாரு?"ன்னாரு.

"நான்தான் சார்," நிஷா முன்னாடி போயி நின்னுச்சு. "எங்கம்மா இன்னா தப்பு பண்ணாங்கன்னு முழுசா சொல்லுங்க. கேட்டுட்டு கையெழுத்துப் போடறேன்."

அய்யோ, அதே வார்த்தை! நிஷா ஆறாவதுல ஸ்கூல் ஜன்னலை ஒடைச்சப்ப ஹெட்மாஸ்டர் மின்னாடி ஜானகி நின்னு கேட்ட அதே வார்த்தை! சாரும் முழுசா சொன்னாரு. நிஷா திரும்பி, "அம்மா, நீ சொல்லு"ன்னுச்சு.

ஜானகி நோட்டைத் தொறந்து மேசை மேல வெச்சிச்சு. "சார், கேக்காம நெசமான ஆப்புல அழுத்தினது என் தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா ஏழு வாட்டி அழுத்தினா ஏழு லாரி வருது பாருங்க, அது உங்க தப்பு. வட்டம் சுத்திக்கினே இருந்தா மனுசங்க மறுபடியும் அழுத்தத்தான் சார் செய்வாங்க. வூட்டுல ஒரு சொட்டு தண்ணி இல்லாதவங்க சும்மா பாத்துக்கினு நிப்பாங்களா?"

சாரு வாயைத் தொறக்கறதுக்கு மின்னாடி ஸஹானா எழுந்துச்சு. "சார், ரெண்டு லாரி வந்துது, மூணு லாரி வந்துதுன்னு மார்ச்லேருந்தே கம்ப்ளெய்ன்ட் வந்துண்டே இருக்கு. கஸ்டமர் தப்பா அழுத்திட்டான்னு எழுதி எழுதி மூடிட்டோம். எங்காத்துலயே போன மாசம் ரெண்டு லாரி வந்து நின்னுது. உனக்கு போன் பாக்கவே தெரியலைன்னு எங்கம்மாவை நானே கத்தினேன்." சொல்லசொல்லவே அந்தப் பொண்ணுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "நேத்து ராத்திரி இவாளோட நோட்டுல எழுதினபடியே மெதுவான சிக்னல்ல போட்டுப் பாத்தேன். ரெண்டு வாட்டி அழுத்தினா ரெண்டு லாரிதான் சார். நாம பத்து பேர் இருக்கோம், ஒருத்தரும் கண்டுபிடிக்கலை." அப்பத்தான் புரிஞ்சிச்சு, ஜானகி நோட்டோட பக்கங்களை இந்தப் பொண்ணு அப்பப்ப போட்டோ எடுத்து வெச்சிருந்துச்சுன்னு.

சாரு நோட்டைப் பக்கம் பக்கமா பொரட்டினாரு. ரொம்ப நேரம் பொரட்டினாரு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு, "ஜானகிம்மா, இன்னும் எத்தனை நாள் பாக்கி?"ன்னு கேட்டாரு.

"பதினொண்ணு சார். இன்னிக்கு வுட்டுட்டா ஒரு நாளு கொறைஞ்சிடும்."

"இன்னிக்கு ஏன் விடணும்? மணி பத்துதானே ஆகுது. போய் உக்காருங்க. எல்லாப் பட்டனையும் ஏழு தடவை அழுத்திப் பாருங்க. டெஸ்ட் போன்ல!"

நிஷா அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடாம மடிச்சி பையில வெச்சிக்கிச்சு. கீழ வந்து ஆட்டோல ஏறின ஒடனே 'ஓ'ன்னு அழுதுச்சு. நானும்தான். இன்னா வெக்கம்?

ஜூன் மூணாந்தேதி சர்ட்டிபிகேட் வந்துச்சு. முப்பது நாளுன்னு போட்டு, நாப்பத்தியொரு தப்பு கண்டுபிடிச்சாங்கன்னும் போட்டுருந்துச்சு. ரோட்டுல ஆட்டோவை நிறுத்தி நாலு வாட்டி படிக்கச் சொல்லி கேட்டேன். அன்னிக்கே காலேஜுல கொண்டு போயி கொடுத்தோம். இப்ப அந்த லேபுல ஜானகிதான் அசிஸ்டெண்ட்டு. ஆனா துணியை வுடல. தூசி இருந்தா அதுக்குத் தூக்கம் வராது.

போன வாரம் சாப்புடசொல்ல நிஷா ஒரு ஃபாரத்தை அம்மா தட்டுக்குப் பக்கத்துல வெச்சிச்சு. "அந்த சர்ட்டிபிகேட் குரூப்புலேருந்து வெளிய வந்துட்டேன்மா. ராயப்பேட்டைல ஒரு கண்ணாஸ்பத்திரி லேபுல கேட்டேன், வரச் சொல்லிட்டாங்க. முப்பது நாளு. பேரண்ட் கையெழுத்து வேணும்."

ஜானகி கையைக் கழுவிக்கினு வந்து ஃபாரத்தை மூணு வாட்டி படிச்சிச்சு. "எந்த எடம்? எத்தினி மணிக்கு வுடுவாங்க? பொண்ணுங்க கீறாங்களா?" எல்லாம் கேட்டுட்டுத்தான் பேனாவைத் தொட்டுச்சு.

"அம்மா, அங்க நான் எதனா ஒடைச்சிட்டேன்னா உன்னியத்தான் கூப்புடுவாங்க."

"கூப்புடட்டும், வரேன்," ஜானகி கையெழுத்தைப் போட்டு, அலமாரிலேருந்து புது லாங் சைஸ் நோட்டு ஒண்ணை எடுத்து ஃபாரத்து மேல வெச்சிச்சு. "நீ இதுல எல்லாத்தையும் எழுதி வை."