நாற்பத்து மூன்று நாற்காலிகளும் தொண்ணூறு மில்லிமீட்டரும்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, தை 28. காலை மணி 6.40. பனி. எதிர்வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவர் தெரிந்தது, அதற்கு மேலிருந்த தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. காற்று இல்லை. அந்த நேரத்தில் என் வீட்டு வாசலில் நாற்பத்து மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. இறக்கும்போது ஒரு தடவையும் வரிசையாகப் போட்டபின் ஒரு தடவையும் எண்ணினேன். சரியாக இருந்தது. அன்று சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

நான் முப்பத்து நான்கு வருடம் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன். வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் அறுத்த நெல்லை எடை போட்டு, விளைச்சல் எவ்வளவு என்று எழுதி அனுப்புவது என் வேலை. கயிற்றுக்கு வெளியே நிற்கும் கதிர் எவ்வளவு முற்றியிருந்தாலும் கணக்கில் வராது. அதைப் பற்றி நான் வருத்தப்பட்டதில்லை, என் மைத்துனர் கயிற்றுக்கு வெளியே போகும் வரை.

மகள் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் என் மனைவியின் அண்ணன் வரிசையின் ஓரத்தில் நின்றார். ஆல்பம் வந்தபோது அவருக்கு ஒரு காது, ஒரு கை, பாதி மீசை மட்டும் இருந்தன. "உங்க வீட்டுல நான் அரை ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு மாப்ள" என்று சொல்லிவிட்டு நீடாமங்கலத்துக்குப் போனவர் பதினோரு வருடம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. எங்கள் ஊருக்கும் நீடாமங்கலத்துக்கும் பதினான்கு கிலோமீட்டர்.

எனக்கு எழுபது முடிகிறது, பிள்ளைகள் விசேஷம் வைக்க வேண்டும் என்றார்கள். மனைவி ஒரே நிபந்தனை போட்டாள். "அண்ணன் வரணும். படத்துல முழுசா விழணும். இல்லாட்டி எனக்கு இந்த விசேஷமே வேண்டாம்."

செல்போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் நிற்பவரின் கண்ணும் மூக்கும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிம் போடும் பெரிய மரக் காமிரா ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். அதில் எடுத்தால் நாற்பத்து மூன்று பேரின் புருவ மயிரையும் எண்ணலாம் என்று படித்திருந்தேன். பெட்டியைத் திறந்தபோது லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது. லென்ஸ் தனியாக வாங்க வேண்டுமாம். சென்னையில் விற்பவரிடம் பேசினேன்.

"சார், முதல் லென்ஸுன்னா எல்லாரும் நூத்தைம்பது மில்லிமீட்டர்தான் வாங்குவாங்க."

"எல்லாரும்னா எத்தனை பேருங்க?"

"பொதுவா சொன்னேன் சார்."

"போன வருஷம் உங்ககிட்ட முதல் லென்ஸ் வாங்கினவங்க எத்தனை பேர்?"

அவர் யோசித்தார். "ரெண்டு பேர் சார். ஒருத்தர் திருப்பிக் குடுத்துட்டார்."

நல்ல மனிதர். தொண்ணூறு, நூற்றைம்பது, இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர் என்று மூன்றையும் அனுப்பி, பத்து நாள் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். முதல் இரண்டு நாள் தெருவில் நடந்து நடந்து அளந்தேன். எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்றால் முன்வரிசை இருபது அடி தூரம். அங்கிருந்து இருநூற்றுப் பத்தில் பதினோரு அடி அகலம் தெரியும், நூற்றைம்பதில் பதினாறு அடி, தொண்ணூறில் இருபத்தாறரை. நாற்பத்து மூன்று பேரை மூன்று வரிசையாக வைத்தால் இருபத்து நாலரை அடி. கணக்கு தொண்ணூறு என்றது. ஆனால் தொண்ணூறு ஓரத்தில் நிற்பவர்களை அகலமாக்கிவிடும் என்றும் படித்திருந்தேன். எவ்வளவு அகலம் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதனால்தான் நாற்காலி.

பந்தல் கடைக்காரருக்கு முந்தின நாள் போன் செய்தபோது "என்ன விசேஷங்க ஐயா?" என்று கேட்டார்.

"விசேஷமெல்லாம் இல்லைங்க. நாற்காலி மட்டும் போதும். மேளம், மைக் எதுவும் வேண்டாம்."

அவர் குரல் இறங்கியது. "பெட்டி வேணுங்களா? ரெடியாத்தான் இருக்கு."

கூல் டிரிங்க்ஸ் வைக்கும் ஐஸ் பெட்டியைத்தான் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "வேண்டாம். எங்க வீட்டு ஃபிரிட்ஜே போதும்."

"மனசைத் தேத்திக்கங்க" என்று வைத்துவிட்டார்.

மனைவி விசேஷத்துக்குப் பலகாரம் சொல்ல முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போயிருந்தாள். 7.35க்குத் தொண்ணூறை மாட்டி, இரண்டு ஓர நாற்காலிகளிலும் தலைக்குப் பதிலாக ஒவ்வொரு செம்பைக் கவிழ்த்து வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பனியில் ஓரங்கள் இருட்டாக இருந்தன. கண் பழக வெகு நேரம் ஆயிற்று. நெல்மணி பார்க்க ஆபீசில் வைத்திருந்த பூதக்கண்ணாடியால் செம்பை அளந்தேன். நிஜத்தில் அதன் உயரமும் அகலமும் சமம். கண்ணாடியில் அகலம் ஐந்தில் ஒரு பங்கு கூட.

அப்போதுதான் என் நாற்காலிகளில் தலைகீழாக ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். காமிராவை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள், நல்லதுதான், உண்மையான தலையை வைத்தே அளக்கலாம் என்று எண்ணத் தொடங்கினேன். மூன்று, ஏழு, பன்னிரண்டு. இடையில் வாய் திறந்தால் எண்ணிக்கை தப்பிவிடும். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"நேத்துகூடத் தெருவுல நடந்து நடந்து என்னத்தையோ அளந்துக்கிட்டிருந்தாரு, பாவம்."

"அதுக்குள்ள போட்டோக்காரனக்கூட வரவச்சிட்டாங்க பாருங்க."

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் வந்தவரை யாரும் "வாங்க" என்று சொல்வதில்லை. வந்தவரும் எதுவும் கேட்பதில்லை. நாற்காலி போட்டிருந்தால் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நான் யாரையும் வாங்க என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. எதிர்வீட்டு அம்மா நீடாமங்கலத்துக்கும் போன் போட்டிருந்தார்.

பதினேழு எண்ணியிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. கையில் ரோஜா மாலையும் துணிப்பையுமாக ஒருவர் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் வந்து, வரிசையின் ஓரத்தில் செம்புக்குப் பக்கத்தில் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். துண்டை எடுத்தபோது கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்தேன். இரண்டு காது. இரண்டு கை. முழு மீசை, நரைத்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு என் மைத்துனர் முழுதாக விழுந்திருந்தார், ஐந்தில் ஒரு பங்கு அகலமாக.

துணியை உதறிவிட்டு வெளியே வந்தேன். "வாங்க மச்சான்! வாங்க, வாங்க!"

பதினேழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரு நாற்காலி சாய்ந்தது. "ஐயோ, வாங்கங்கறாரே!" என்றார் எதிர்வீட்டு அம்மா.

மைத்துனர் என்னைக் கால்முதல் தலைவரை பார்த்தார். "உயிரோடவா இருக்கீங்க?"

"ஆமாங்க மச்சான்."

"வழியெல்லாம் அழுதுக்கிட்டு வந்தேன், தெரியுமா? டிரைவரு ரெண்டு எடத்துல வண்டிய நிறுத்தித் தண்ணி குடுத்தான். போட்டோவுல பாதியா வெட்டினீங்க. இப்ப சாவுன்னு சொல்லி வரவச்சிருக்கீங்க. நான் கெளம்புறேன்."

"நாங்க யாரும் சொல்லலையே மச்சான்."

"நாற்காலி சொல்லுச்சே!"

அவர் காரின் கதவைத் திறந்துவிட்டார். இனி இன்னொரு பதினோரு வருடம் என்றால் எனக்கு எண்பத்தொன்று, அவருக்கு எண்பத்தாறு என்று மனதுக்குள் கூட்டினேன். அந்த நேரத்தில் பஸ் நிறுத்தத்திலிருந்து மனைவி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நீங்க இருக்கீங்களா? அப்ப யாரு?"

"யாரும் இல்ல. லென்ஸ் பார்க்கிறேன்."

அவள் என்னை அதற்குமேல் கவனிக்கவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். கணவன் போனால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிப் புடவை அதில் இருந்தது. கையை நீட்டினாள்.

"குடு."

"வேண்டாம்டி. இது அந்தப் புடவைடி."

"கடையில இருந்த புடவைக்கு அது தெரியுமா? எழுபதுக்குப் பொறந்த வீட்டுப் புடவை வேணும்ல. இதையே கட்டிக்கறேன். மாலைய அந்தக் காமிராவுக்குப் போடு. சாப்பிட்டுட்டுப் போ."

"துக்கத்துக்கு வந்தவன் சாப்பிடக் கூடாது."

"யாரு செத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். என்மேல் குற்றம் இருப்பதுபோலத்தான் பார்த்தார். பிறகு மாலையைக் காமிராவுக்குப் போட்டுவிட்டு, ஓர நாற்காலியிலிருந்த செம்பை எடுத்துக் கீழே வைத்து உட்கார்ந்தார். மற்ற பதினேழு பேரும் போகவில்லை. வந்தாகிவிட்டது, காப்பியாவது குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

காப்பி குடித்துக்கொண்டே மைத்துனர் கேட்டார். "விசேஷத்தன்னிக்கு என்னை எங்க நிறுத்துவீங்க?"

"நடுவுல உக்காருங்க மச்சான், தங்கச்சி பக்கத்துல."

"சம்பந்தி வீட்டுக்காரங்க இருக்கும்போது நான் நடுவுல உக்காந்தா நல்லாவா இருக்கும்? ஓரமாத்தான் நிப்பேன். அதுல மாத்தமில்ல."

உள்ளதைச் சொன்னேன். "நூத்தைம்பதுன்னா நீங்க படத்துலயே இருக்க மாட்டீங்க. தொண்ணூறுன்னா இருப்பீங்க, ஆனா அஞ்சுல ஒரு பங்கு குண்டாத் தெரிவீங்க. சந்தேகமில்ல, செம்ப வச்சு அளந்துட்டேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்துக் கணக்குப் போட்டார். அவரும் எங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தவர்தானே.

"அதாவது ஒன்னேகாலுக்குக் கொஞ்சம் கம்மியா ஒரு ஆளு."

"ஆமாங்க."

"பதினோரு வருஷம் அரை ஆளாத் திரிஞ்சாச்சு. பாக்கி இருக்கட்டும். தொண்ணூறையே வாங்குங்க மாப்ள."

அன்று மத்தியானமே சென்னைக்குச் சொன்னேன். லென்ஸ் 42,500. மற்ற இரண்டையும் திருப்பி அனுப்ப 620. நாற்காலி, ஒன்றுக்கு எட்டு ரூபாய் வீதம், 344. காப்பிக்கு ஆறு பாக்கெட் பால் 144. மைத்துனரின் கார் வாடகை 1,900, அதை நான்தான் தர வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். மொத்தம் ரூபாய் 45,508.