ஹைம்டால் வேடத்தில் நான்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. அப்போது லொங்குய்யில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு நான் காவலாளி. இரவு வேலை முடிந்ததும் நேரே செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் நடந்த பிரெஞ்சு வகுப்புக்குப் போவேன். போகும் வழியில் மெட்ரோவில் தூங்கிவிடுவதும் உண்டு. கண் விழித்துப் பார்த்தால் ரயில் ஆற்றின் மறுகரைக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் லொங்குய்யில் நிற்கும்.

பருவ முடிவில் வகுப்பார் சேர்ந்து ஒரு நாடகம் போட வேண்டும் என்றார் ஆசிரியை. வடதேசத்துப் பழைய தெய்வக் கதைகள் என்றால் அவருக்கு உயிர். என் வேலை என்னவென்று கேட்டார். "கார்தியன்" என்றேன். காவலாளி என்று பிரெஞ்சில் சொல்ல எனக்குத் தெரிந்த சொல் அதுதான். அவர் கைதட்டிவிட்டார். "அப்படியென்றால் ஹைம்டால் நீங்கள்தான்!"

தேவர்களின் நகரத்துக்கு வானவில்தான் பாலமாம். அதன் முனையில் காவல் நிற்பவன் ஹைம்டால். புல் வளரும் சத்தம்கூட அவனுக்குக் கேட்கும். பறவையைவிடக் குறைவாகத் தூங்குவான். பகைவர் வந்தால் கொம்பு ஊதி எல்லாரையும் எழுப்புவான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"நித்திரை கொள்ளாத தெய்வமோ? அதுக்கு உங்களைப் பிடிச்சவாவோ?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனாலும் வானவில்லுக்கு ஏழு சேலைகள் அவள்தான் தேடிக் கொடுத்தாள். கொம்புக்கு, மேல்வீட்டுக்காரர் ஹாக்கி ஆட்டம் பார்க்கும்போது ஊதும் குழல். நீல நிறப் பிளாஸ்டிக். ஒரு கிழமை குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு ஊதிப் பழகினேன். முதல் மூன்று நாளும் காற்றுத்தான் வந்தது.

நாடகம் சனிக்கிழமை பின்னேரம். மேடைக்கு எதிரே நாற்காலிகள், அவற்றுக்குப் பின்னால் சமையல் செய்யும் குசினி. நான் ஒரு மேசை மேல் ஏறி நின்றேன். பெரு நாட்டுப் பெண் ஒருத்தி சூழ்ச்சிக்காரத் தெய்வமாக வந்து என் பக்கம் திரும்பி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஊத வேண்டியது கடைசிக் காட்சியில்.

அப்போதுதான் கண்டேன். குசினிக் கதவிடுக்கால் சாம்பல் நிறத்தில் புகை கசிந்துகொண்டிருந்தது. சபையோர் எல்லாருக்கும் அது முதுகுப் பக்கம். மேசை மேல் நின்ற எனக்கு மட்டும் நேர் எதிரே. புகைக்குப் பிரெஞ்சில் என்ன சொல்? நேற்றுவரை தெரிந்த சொல், வாயில் வரவில்லை. கொம்பை எடுத்து ஊதினேன். மண்டபம் அதிர்ந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஆசிரியை, "இன்னும் இல்லை, இன்னும் இல்லை!" என்று கை காட்டினார். சனம் சிரித்தது. நான் விடாமல் ஊதினேன். இன்னும் பெரிதாகச் சிரித்துக் கைதட்டினார்கள்.

"இஞ்சாரும்! குசினிக்குள்ளை புகை! ஓடும்!" என்று தமிழில் கத்தினேன்.

இரண்டாம் வரிசையில் இருந்த என் மனைவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே ஹெயிட்டிக்காரர் ஒருவர். தின்னக் கொண்டுவந்த ரோல்ஸை யாரோ அட்டைப் பெட்டியோடு மின்னடுப்புக்குள் சூடாக்க வைத்திருந்தார்கள். பெட்டி கருகிக்கொண்டிருந்தது. அவள் அடுப்பை நிறுத்த, அவர் கதவுகளைத் திறந்துவிட்டார். குளிர் உள்ளே பாய்ந்து எல்லாரையும் நடுங்க வைத்தது.

விஷயம் விளங்கியதும் ஆசிரியை வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னார். எல்லாரும் கோட்டைப் போட்டுக்கொண்டு மிச்ச நாடகத்தைப் பார்த்தார்கள். கடைசிக் காட்சியில் நான் ஊதியபோது பாதிப் பேர் திரும்பிக் குசினியைப் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மனைவி மெல்லச் சொன்னாள்:

"நீங்கள் ஊத முதலே எனக்குப் புகை மணந்தது."

"பேந்து ஏன் சொல்லேல்லை?"

"உங்கடை வசனம் வரப்போகுதெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இடையிலை நான் எழும்பினால் மறந்துபோவியளெல்லோ."

எனக்கு அந்த நாடகத்தில் இருந்ததே மூன்று வசனம்.