சங்கரம்மாளின் ‘நல்லாருக்கு’

சங்கரம்மாளைப் போல் என் பொறுமையைச் சோதித்தவர் யாரும் இல்லை. பந்தல்குடிப் பக்கம் மல்லியும் பருத்தியும் போடும் சம்சாரிக் குடும்பத்துப் பெண். வயிற்றில் புற்றுநோய். மதுரையில் மருந்து ஏற்றிக்கொண்டு, அருப்புக்கோட்டையில் நான் சமைக்கும் பராமரிப்பு இல்லத்தில் வந்து தங்குவார். எடை இன்னும் இறங்கினால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் நிர்வாகி முன்பு பெரிய ஓட்டலில் இருந்தவர். “நாகமணி, அவங்கள நோயாளியா பாக்காதீங்க, விருந்தாளியா பாருங்க” என்பார். பார்த்தேன். தட்டை ஒழித்து வாழை இலை போட்டேன். பக்கத்திலேயே நின்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினேன். சங்கரம்மாள் ஒரு வாய் வைத்துவிட்டு, “நல்லாருக்கு தாயி, வயிறு நெறஞ்சிருச்சு” என்று சிரிப்பார். சோறு அப்படியே கிடக்கும். என்ன குறை என்று கேட்டால் ஒன்றுமே இல்லையாம். குறை இல்லாத சோற்றை ஏன் சாப்பிடவில்லை? சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அன்றைக்கும் எடை இறங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இலையை எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு அவர் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்க சாப்பிட வேணாம்க்கா. பசிக்குது, எனக்காவது போடுங்க.”

பசி என்றதும் அவர் எழுந்து கரண்டியை வாங்கினார். குழம்பை அள்ளியவர் முகர்ந்து பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“இதையா ஒனக்கு ஊத்த? தாளிப்பு வாடை கொடலப் பெரட்டுது. வாயில வச்சா தகரத்த நக்குன மாதிரி இருக்கு. இலை நெறையச் சோத்தப் பாத்தாலே பயமா வருது தாயி.”

“இத ஏன்க்கா இத்தன நாளாச் சொல்லல?”

“விருந்துக்கு வந்த எடத்துல சோத்தக் கொற சொல்லுவாகளா? எங்க வீட்டுல அப்படியா வளத்தாக?”

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எங்கள் உபசாரம்தான் இவரைப் பட்டினி போட்டிருக்கிறது. கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டிப்போனேன். அவர் சொல்லச் சொல்ல, தாளிக்காமல், ஆறவைத்த கம்பங்கஞ்சியில் மோர் விட்டு, சின்ன டம்ளரில் கொடுத்தேன். குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குடித்தார்.

அடுத்த முறை எடை இறங்கவில்லை, மருந்து ஏறியது. திரும்பி வந்தவரிடம் டம்ளரை நீட்டினேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“கஞ்சியா இது? உப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. போட்டுக் கொண்டா.”

பக்கத்தில் நின்ற நிர்வாகி பதறிப்போய் என்னைப் பார்த்தார். நான் உப்பு எடுக்க ஓடினேன்.