அங்கம்மா மதினியின் ஒப்பாரி

எங்கள் லயத்தில் ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. எனக்குப் பக்கத்துக் காம்பரா அங்கம்மா மதினியுடையது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். முன்பின் தெரியாத பிணத்துக்குக்கூட நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள்.

எழுபத்திரண்டாம் வருடம் அவள் விரல்கள் கோணத் தொடங்கின. விடியற்காலையில் கையை மடக்க முடியாது, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்துவாள். வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். "ஆறு மணிக்கு வர்ற வாதம் பத்து மணிக்கு எங்க போகுது?" என்பார் கங்காணி. அந்த ஆளுக்கு ஒரு நாளாவது அந்த வலி வந்திருக்கவேண்டும். பிறகு வியாதி மூச்சில் கை வைத்தது. கொழுந்துக் கூடையோடு நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். ஓயாத வறட்டு இருமல். காசம் என்று சொல்லி லயத்துப் பெண்கள் அவளுக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். நானும் வைத்தேன், பொய் சொல்லமாட்டேன்.

பதுளை பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், காசம் இல்லை என்றார். மூட்டிலிருக்கும் அதே வாதம் நுரையீரலையும் இறுக்கிவிட்டது, கண்ணீரையும் வற்ற வைத்துவிட்டது, முழுசாகக் குணமாகாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோப்பையைத் தூக்கி எறிந்தேன்.

மறு வருடம் அவள் புருஷன் நல்லையா அண்ணன் மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

லயமே கூடிவிட்டது. எல்லோரும் மதினியின் வாயைப் பார்த்தார்கள். ஒரு சொல் எடுத்தாள். மூச்சு அறுந்து இருமினாள். கண் சிவந்து எரிந்ததே தவிர ஒரு சொட்டு வரவில்லை.

"ஊரான் பொணத்துக்கெல்லாம் மாரடிச்சவ, எங்கண்ணனுக்கு ஒரு சொட்டு கண்ணீர் விடமாட்டேங்கிறாளே! கல்நெஞ்சுக்காரி!" என்று கத்தினாள் அண்ணனின் தங்கை கருப்பம்மா.

"அது வியாதி அக்கா! டாக்டர் சொன்னத நானே கேட்டேன்" என்றேன்.

"போடி! கைவாதம் கண்ணுக்கு எப்புடி வரும்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மதினி என் முந்தானையை இழுத்தாள். "நான் சொல்றேன், நீ பாடு தாயி. என் ஒப்பாரி இல்லாம அவரு போகக்கூடாது."

மலையில் மழைக்கு அண்ணன் போர்த்திக்கொள்ளும் கம்பளி சுவரில் தொங்கியது. அதைப் பார்த்தபடி மதினி என் காதில் வாய் வைத்து, மூச்சுக்கு இரண்டு சொல்லாகச் சொன்னாள். நான் பாடினேன்:

"கம்பளி இங்க தொங்குது,
மழை அங்க பெய்யுதே,
நனையாம நீங்க போக
நான் என்ன செய்வேன், என் அண்ணாவே!"

அவள் சொன்னது 'ராசாவே'. பெண்டாட்டி புருஷனுக்குச் சொல்லும் சொல் அது. அடுத்தவள் புருஷனை நாலு பேர் நடுவில் நான் எப்படி ராசா என்பேன்? எல்லா அடியிலும் அண்ணா என்றே மாற்றிப் பாடினேன். அங்கே அழாதவர் இல்லை.

ஆண்கள் பெட்டியைத் தூக்கிப் போனபிறகு கருப்பம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "கட்டுனவ கல்லா உக்காந்திருந்தா. நீதாண்டி கூடப்பொறந்தவளாட்டம் அழுத." அது மதினியின் பாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி வேண்டாமென்று கையைக் காட்டினாள். வாதாட அவளுக்குத் தெம்பில்லை.

எல்லோரும் போனதும் மதினி சுவரில் சாய்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்:

"ஒரு தடவையாவது ராசான்னு சொல்லியிருக்கலாமே, தாயி?"