நியூ மால்டனில் கேட்ட பெயர்க் கவிதை

1994 அக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொரியாவை ஜப்பானியர் ஆண்ட காலத்தைப் பற்றிய கொரியக் கவிதை வாசிப்பு, லண்டனில் கொரியர்கள் அதிகம் வாழும் நியூ மால்டனில் நடக்கிறது, அனுமதி இலவசம் என்று விம்பிள்டன் நூலகத்தில் ஓர் அறிவித்தல் பார்த்தேன். இலவசம் என்றால் நான் எங்கும் போவேன். தென்லண்டனில் மிட்சம் என்ற இடத்தில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த பாலன் அண்ணையும் வந்தார். அவருக்கும் கவிதைக்கும் வெகுதூரம். வீட்டிலிருந்தால் யோசனை கூடுகிறது என்றுதான் வந்தார்.

யோசனைக்குக் காரணம் இருந்தது. வேறொருவரின் பாஸ்போர்ட்டில் லண்டன் வந்தவர், பயத்தில் பாலன் என்ற சொந்தப் பெயரை மறைத்து அகதி விண்ணப்பத்தையும் அந்தப் பெயரிலேயே கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் அவருக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. எங்கள் வழக்கப்படி பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர்தான் வரும். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு முன்பின் தெரியாத ஒருவனின் பெயர்.

மிட்சமிலிருந்து விம்பிள்டனுக்கு பஸ், அங்கிருந்து ரயில். ரெய்ன்ஸ் பார்க்குக்கு அடுத்தது நியூ மால்டன், பத்து நிமிடம்கூட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ரயில் வந்தால்தான் உண்டு, ஆகவே அரைமணி முன்னதாகவே கிளம்புங்கள்.

தேவாலய மண்டபத்தில் முப்பது பேர்வரை இருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் தான் எழுதியதை வாசித்தார், மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். கொரியர்களை ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்ன காலம். ஒரு தகப்பன் வரிசையில் நின்று குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு வீடு திரும்புகிறான். அன்று முழுக்க அவன் பிள்ளைகள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் கவிதை. ஒருவரும் கைதட்டவில்லை.

பிறகு பார்லி தேநீர் கொடுத்தார்கள். பாலன் அண்ணை கோப்பையோடு அவரிடம் போய், பெயர் திரும்பக் கிடைத்ததா என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். ஜப்பான் தோற்றதும் கிடைத்ததாம். தங்கை ஒருத்தி மட்டும் அந்த ஆண்டுகளுக்குள் பிறந்து, அதற்குள்ளேயே செத்துப்போனாளாம்.

"அவளுக்கு அந்த ஜப்பானியப் பெயர் மட்டும்தான்" என்றார்.

ரயிலில் திரும்பும்போது ரெய்ன்ஸ் பார்க் வந்தது. அண்ணை சொன்னார்: "நாளைக்கு லோயரிட்டப் போறன். எல்லாத்தையும் சொல்லப்போறன்."

"அனுப்பிப்போட்டாங்கள் எண்டா?" என்று கேட்டேன்.

"அனுப்பினா அனுப்பட்டும். பிள்ளைக்கு ஆரோ ஒருத்தன்ர பேர் வேண்டாம்."

அனுப்பவில்லை. ஆனால் வழக்கு வருஷக்கணக்காக இழுத்து, மனிதரைப் பாதியாக்கிவிட்டது.

நியூ மால்டன் போகிறவர்கள் கொரியக் கடைகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்களைப் பாருங்கள். வாசிப்பு ஏதும் இருந்தால், மொழி தெரியாதே என்று தயங்காமல் போய் உட்காருங்கள். வீட்டில் யோசனையோடு இருக்கும் ஒருவரையும் கூட்டிப்போங்கள்.

பாலன் அண்ணையின் மகள் இப்போது ஆசிரியை. வகுப்பில் பிள்ளைகள் அவளை 'மிஸ் பாலன்' என்று கூப்பிடுகிறார்கள்.