கோழிக்கூட்டு ஹீட்டரும் லைட் வயரும்

மார்கழி மழைக்குள் இறுப்பிட்டிப் புஷ்பம் அக்கா வயரிங் வேலை செய்யும் எனக்குப் போன் எடுத்தார். கோழி வளர்ப்பவர். முதல் தடவை வாங்கிய குஞ்சுகள் குளிரில் செத்துப்போயின. இந்தத் தடவையும் போனால் கூட்டையே பிரித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

“தம்பி, ஹீட்டர் போட்டா பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கு. குஞ்செல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நெரியுது. கெதியா வாரும்.”

“ஹீட்டரைக் கழட்டி வையுங்கோ அக்கா. வாறன்.”

என் ஊர் மண்கும்பானில் இருந்து புறப்பட்டேன். தீவுகளை இணைக்கும் தாம்போதியில் கடற்காற்று மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது. போய்ப் பார்த்தால் ஹீட்டர் சிவந்து எரிகிறது.

“நான் நேர குடுத்திட்டன். இனி விழாது,” என்றார் அவர் கணவர் ராசன் அண்ணை.

உப்புக்காற்றில் பிரேக்கர் துருப்பிடித்துச் சும்மாவும் விழுந்து கரண்டை நிறுத்தும். அதைத் தவிர்த்து நேரே வயர் கொடுப்பது எங்கள் தீவுகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் இது சும்மா விழவில்லை. இரண்டாயிரம் வாட்ஸ் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். கூட்டுக்குப் போனதோ லைட்டுக்கென்று போட்ட மெல்லிய ஆறு ஆம்பியர் லைன். ஓலைக் கூரைக்குள் போன வயரைத் தொட்டேன். உறை இளகிக் கையில் ஒட்டியது. ஓடிப்போய் மெயினை நிறுத்தினேன்.

“ஐயோ, நிப்பாட்டாதையும்! குஞ்சு செத்துப்போம்!”

“கூரை பத்தினா ஒரு குஞ்சும் மிஞ்சாது அக்கா. சூட்டுக்குக் குண்டு பல்ப் இருக்கோ?”

ஹீட்டருக்குத் தனி லைன் இழுக்கத் தடித்த வயர் என்னிடம் இல்லை. நூறு வாட்ஸ் பல்ப் ஆறு என்றால் மூன்று ஆம்பியர்கூட வராது. ஆனால் இப்போது எந்த வீட்டில் குண்டு பல்ப் இருக்கிறது? எல்லாம் எல்.ஈ.டி., சூடே வராது.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளை அக்காதான் பார்த்துக்கொள்கிறார். அங்கே பழைய குண்டு பல்ப்புகள் மாற்றாமலே கிடந்தன. அந்த வீடுகளின் திறப்புக் கோர்வையை எடுத்தார்.

“கேக்காமல் எடுக்கிறதே?” என்றார் அண்ணை.

“நான் சொல்லிக்கொள்ளுறன். நீங்கள் காத்து வாற உந்த மூலையை மட்டையால அடையுங்கோ!”

மழையில் வீடு வீடாக ஓடி, சேலைத் தலைப்பில் பல்ப்புகளோடு வந்தார். நான் இளகிய வயரை வெட்டி மாற்றி, பிரேக்கரையும் பழையபடி பூட்டினேன். சுவிட்சைப் போட்டபோது மூவருமே பிரேக்கரைத்தான் பார்த்தோம். அது விழவில்லை.

சில குஞ்சுகள் எழும்பவில்லை. மற்றவை மெல்ல மெல்ல விலகிப் பரவிப் படுத்தன. அக்கா ஈரச் சேலையோடு அங்கேயே குந்தியிருந்து அழுதார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரேக்கர் விழுந்தால் அதோடு சண்டை பிடிக்காதீர்கள். மெயினை நிறுத்திவிட்டு, முதலில் வயரைத் தொட்டுப் பாருங்கள்.