மணல் தெரிந்தவர்

குகதாசன் சவுதிப் பாலைவனத்தில் ஏழு வருடம் லொறி ஓட்டியவர் என்பது லண்டனின் ஹவுன்ஸ்லோவில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் ஷிப்ட் வேலை செய்தவருக்கு அந்தப் பழைய உத்தியோகம்தான் ஒரு மரியாதையைக் கொடுத்தது.

உண்மையில் அவர் லொறி ஓட்டவில்லை. ரோட்டுப் போடும் கொம்பனியின் முகாமில், சாரதிகள் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவினார். 1986இல் லண்டன் வந்த புதிதில், ஒரே அறையில் இருந்த பத்மநாதன், "சவுதியில என்ன வேலை செய்தனீங்கள், அண்ணை?" என்று கேட்டான். கணக்கியல் படித்துக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் உண்மை வாயில் வரவில்லை. சாரதிகள் சாப்பிட்டபடி சொன்ன கதைகளெல்லாம் அன்றிலிருந்து அவருடைய கதைகளாயின. அவரைக் கட்டிய செல்வமலரும் அவற்றை நம்பினாள்.

பத்து வருடம் கழித்து, மொரோக்கோவுக்குப் போவோம் என்று பத்மநாதன்தான் தொடங்கினான். "பாலைவனத்துக்கு எங்களிட்ட ஆள் இருக்கு" என்றான். வால்தம்ஸ்டோவிலிருந்து றெஜினோல்டும் சேர்ந்துகொண்டார். அவர் குகதாசனின் வயதுக்காரர். சீனி வருத்தம் என்ற நீரிழிவுக்குக் குளிசை விழுங்குபவர்.

மொரோக்கோவில் வாடகைக் காரில் மலை ஏறி இறங்கினார்கள். செம்மண் வீடுகளும் பேரீச்சந்தோப்புகளும் பின்னால் போக, கறுப்புக் கற்கள் பரவிய வெளி விரிந்தது. அதன் விளிம்பில் மணல்மேடுகள் செம்பு நிறத்தில் தெரிந்தன. றெஜினோல்ட் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஆண்டவரே!" என்றார். காரை ஓட்டிய குகதாசன் வேகத்தைக் குறைத்தார். அழகால் மட்டுமல்ல, பயத்தாலும்தான்.

தார் ரோட்டு முடிந்த இடத்தில், நீலத் தலைப்பாகை கட்டிய ஒருவர் வழி காட்டுகிறேன் என்று வந்தார்.

"கூட்டிக்கொண்டு போவம், அண்ணை" என்றான் பத்மநாதன்.

"என்னத்துக்கு? எனக்கு மணல் தெரியும்."

ஒரு மணித்தியாலம் போகவில்லை, கார் புதைந்தது. குகதாசன் அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சில்லுகள் இன்னும் கீழே போயின. மத்தியானம் தாண்டியது. காலையில் பாண் சாப்பிட்டதோடு சரி. றெஜினோல்டுக்குச் சீனி இறங்கிக் குளிர்ந்த வியர்வை கொட்டியது. சொற்கள் குழறின. பத்மநாதன் பையைக் கொட்டித் தேடி, அகப்பட்ட ஒரேயொரு ரொபி இனிப்பை அவர் வாயில் வைத்தான். குகதாசன் வெறுங்கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். நண்பரின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். றெஜினோல்டைக் கண்டதும் மடியிலிருந்த பேரீச்சம்பழங்களை அவர் கையில் திணித்தாள். தின்னத் தின்ன அவருக்குத் தெளிவு வந்தது. பிறகு காரைச் சுற்றிப் பார்த்தாள். குந்தியிருந்து, ஒரு குச்சியால் ஒவ்வொரு ரயரிலும் காற்றைப் பாதிக்கு இறக்கினாள். அவளும் பத்மநாதனும் தள்ள, கார் வெளியே வந்தது.

"காத்தை இறக்கோணுமெண்டு உங்களுக்குத் தெரியாதே, அண்ணை?" பத்மநாதன் குற்றஞ்சாட்டவில்லை. அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"சவுதி மணல் வேற மாதிரி" என்றார் குகதாசன்.

அதைச் சொன்ன கணத்தில் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. நண்பர் சாகக்கிடந்து எழும்பிய இடத்தில் நின்றும் பொய்தான் வந்தது.

மூன்று கிழமை கழித்து, கிங்ஸ்பரியில் பத்மநாதனின் வீட்டில் பயணத்தில் எடுத்த படங்களைக் காட்டினார்கள். கார் புதைந்த கதை வந்தபோது பத்மநாதன் அவசரமாக, "அண்ணை நிண்டபடியாத்தான் தப்பினம்" என்றான். அவன் தன் பிழையை மூடி மறைக்கிறான் என்பது குகதாசனுக்கு விளங்கியது. செல்வமலர் பெருமையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் லொறி ஓட்டேல்லை" என்றார். "கோப்பை கழுவினனான். ஏழு வருஷமும்."

செல்வமலரின் சிரிப்பு நின்றது. றெஜினோல்ட்தான் கேட்டார்.

"அது கிடக்கட்டும், தாசன். அந்த வழிகாட்டியை ஏன் வேண்டாமெண்டனீர்?"

"அவன் வந்தால் என்ர பொய் தெரிஞ்சிடும்."

றெஜினோல்ட் பார்வையைப் படங்களுக்குத் திருப்பினார். திட்டியிருந்தால் குகதாசனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கார் ஹவுன்ஸ்லோ வீட்டு வாசலில் நின்றதும் செல்வமலர், "கோப்பை கழுவின ஆளை நான் கட்டமாட்டனெண்டு நினைச்சனீங்களே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனாள்.

அடுத்த ஞாயிறு குகதாசன் வால்தம்ஸ்டோவுக்குத் தனியாகப் போனார். றெஜினோல்ட் கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொன்னார், தேத்தண்ணியும் தந்தார். மன்னிப்புக் கேட்டபோது, "சரி" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகும் அவர்களுடைய பழக்கம் விட்டுப்போகவில்லை. ஆனால் எங்கே போனாலும் றெஜினோல்டே காரை ஓட்டினார். தான் ஓட்டட்டுமா என்று குகதாசன் ஒருநாளும் கேட்கவில்லை.